சிரிக்காத பக்கம்

புனேயில் ஔந்துப் பகுதிக்குக் குடிவந்த பதினோரு வருஷத்தில் சவரிமுத்து சொன்னவற்றில் ஒன்றே ஒன்றுதான் உண்மை. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

தன் ஊரான வேம்பார்க் கரையில் உப்புக்காற்று பலம், அதனால் அங்கே கோழி இடும் முட்டையிலேயே உப்பு இருக்கும், ஆம்லெட்டுக்குத் தனியாகப் போட வேண்டியதில்லை என்று அவர் சொன்னபோது, கீழ்வீட்டு கேஷவ்ராவ் அடுத்த தடவை ஊருக்குப் போனால் ஒரு கோழி கொண்டுவரச் சொன்னார். தன்னுடைய பாட்டனார் வலையில் விழுந்த சுறா, வள்ளத்தோடு அவரைக் கொழும்பு வரை இழுத்துப் போய், கையில் பாஸ்போர்ட் இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாகச் சொன்னபோது, பாங்கில் இருக்கும் ரங்கராஜன் அது எந்த வருஷம் என்று மட்டும் கேட்டார். ஆனால் கடல் என்பது சந்திரனைப் பார்த்து ஏறும், பிறகு இறங்கும் என்று சவரிமுத்து சொல்லிவிட்டால் போதும், கட்டிடமே சிரிக்கும். புனேயில் கடல் கிடையாது. முளா நதி உண்டு. அது மழைக்காலத்தில் ஏறும், மற்ற மாதங்களில் மணக்கும். அதில் சந்திரனுக்குப் பங்கு இருப்பதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

சவரிமுத்துவின் மேலும் கொஞ்சம் தப்பு இருந்தது. வேம்பாரில் கடல் ஏறுவது இரண்டு முழம். இரண்டு முழத்தை யாரிடம் போய்ச் சொல்வது? ஆள் உயரம் என்று சொல்லிவைத்திருந்தார்.

மற்றவர்கள் சிரித்தால் அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போவார். மகள் ஸ்நேஹாதான் கஷ்டம். ஆறாம் வகுப்பில் அவள் உப்பு முட்டைக் கதையை டீச்சரிடம் சத்தியம் செய்து சொல்லி, அந்த வருஷம் முழுக்க ‘நம்கீன் அண்டா’, உப்பு முட்டை என்று பெயர் வாங்கியவள். அன்றையிலிருந்து அப்பா பேசினால் பக்கத்து வீட்டு ரேடியோ பாடுவது போலக் கேட்பாள். இப்போது பி.காம் இரண்டாம் வருஷம். கடல் ஏறி இறங்குவது பூகோளப் புத்தகத்தில் இருந்தது. அப்பாவும் அதையே சொல்லவே, அவளுக்குப் புத்தகத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. சவரிமுத்துவுக்கு இந்த உலகத்தில் ஆக வேண்டியிருந்த காரியம் ஒன்றுதான். தான் சொன்ன ஏதாவது ஒன்றை இந்தப் பெண் நம்ப வேண்டும். பொய்களை விட்டுவிடலாம், அது அவருக்கே பெரிதில்லை. இந்தக் கடலையாவது.

ஆகவே 2001ஆம் வருஷம், ஆடி மாதத்துக் கமிட்டிக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

அந்தக் கட்டிடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். வருஷா வருஷம் கார் நிறுத்தும் இடத்தில் பந்தல் போட்டுக் கணபதி வைப்பார்கள். தலைவர் கேஷவ்ராவ். பதினோரு வருஷமாக சவரிமுத்துவின் பொறுப்பு நாற்காலி தூக்குவது. இந்த வருஷம் அலங்காரம் என் பொறுப்பு, ஆறடி நீளத்துக்கு ஒரு கடல் செய்து காட்டுகிறேன், ஏறும், இறங்கும் என்றார். சொன்னது இந்தியில். அவருடைய இந்தி சினிமாப் பாட்டில் பொறுக்கியது. பாட்டுகளில் நிலாவுக்குச் செல்லப்பெயர் சந்தா. அவர் கையை ஆகாயத்தைப் பார்த்து உயர்த்தி, “உப்பர் ஸே படா சந்தா ஆயேகா” என்று முடித்தார். மேலேயிருந்து பெரிய நிலா வரும் என்பது அவர் கணக்கு.

தமிழில் சந்தா என்றால் என்ன நினைப்போமோ, அதே அர்த்தம் அந்த ஊரிலும் உண்டு. கமிட்டி அதைத்தான் நினைத்தது. மேலே என்றால் சவரிமுத்து வேலை பார்க்கும் தளேகாவ் தொழிற்சாலையின் மேலிடம். பெரிய இடத்திலிருந்து பெரிய சந்தா வருகிறது. ஏகமனதாகக் கைதட்டினார்கள். கேஷவ்ராவ் கட்டியணைத்துக்கொண்டு, “அண்ணா, இத்தனை வருஷம் உன்னை நாற்காலி தூக்க விட்டோமே” என்று மராத்தியில் வருந்தினார். நிலா இவர்களுக்கு இவ்வளவு பிடிக்குமா என்று சவரிமுத்துவுக்கே ஆச்சரியம்.

அவர் தளேகாவில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் மோல்டர். மணலில் அச்சு எடுத்து இரும்பு ஊற்றுகிற வேலை. ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டினால் வார்ப்பில் குழி விழும். குழி விழுந்தால் அந்த உருப்படி கழிவு. இருபத்திரண்டு வருஷமாகக் குழி விழாமல் பார்த்துக்கொண்டதற்குத்தான் அவருக்குச் சம்பளம். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு மாதம் ராப்பகல் இல்லாமல் குழி போடக் கற்றுக்கொண்டார்.

மூங்கில் பிளாச்சைக் கம்பியால் கட்டி, கோணி சுற்றி, மேலே மராத்திப் பேப்பரைப் பசையில் ஒட்டி, நாலடிக்கு ஓர் உருண்டை. அது கூடத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. டிவி பார்க்க வேண்டுமென்றால் நிலாவைச் சுற்றிப் போக வேண்டும். வெளியே விடாத மழை. பிளாஸ்டர் பூசினால் ஈரம் காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் ஒத்திக் காயவைத்தார்கள்.

“வீட்ட வீடா வச்சிருக்கியளா நீங்க? நேத்து வந்த கேஸ்காரன், நிலாவப் பாத்து மெரண்டு சிலிண்டர வாசல்லயே வச்சிட்டு ஓடிட்டான். நாலு மாடிக்கு மேல அதத் தூக்கி உள்ள வைக்கது ஆரு?” என்றாள் மனைவி ஆரோக்கியமேரி.

“நிலாவுல வச்சு தூக்குனா அது ஆறுல ஒரு பங்கு கனம்தான் இருக்கும், மேரி. அங்க இழுப்பு கம்மி.”

“அப்ப நீங்க அங்க போயி இருங்க. நான் இங்க அடுப்ப எப்படிப் பத்த வைக்கதுன்னு பாக்கேன்.”

சொல்லிவிட்டு அவளே சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனாள்.

குழிகள் லேசில் வரவில்லை. கரண்டியால் தோண்டினால் கரண்டியால் தோண்டியது போலவே இருந்தது. கோலிக்குண்டு எறிந்தால் துளை விழுந்தது, விளிம்பு எழவில்லை. மூன்று நாள் பார்த்துவிட்டு ஆரோக்கியமேரி அடுப்படியிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்துவந்து, நாற்காலியில் ஏறி, ஈரப் பிளாஸ்டரில் தொப்பென்று போட்டாள். அப்பம் போலச் சுற்றிலும் விளிம்பு எழும்பி நின்றது. பெரிய குழிக்கு உருளைக்கிழங்கு, நடுத்தரத்துக்குச் சின்ன வெங்காயம், பொடிக் குழிக்குக் கொத்துக்கடலை. இரண்டு பேரும் மாற்றி மாற்றி நாற்காலியில் ஏறி எறிந்தார்கள். ஈரம் காயாவிட்டாலும் பிளாஸ்டர் சீக்கிரம் இறுகிவிடும், அதற்குள் எறிய வேண்டும், ஐந்து நிமிஷம்தான். அந்த வாரம் முழுக்க வீட்டில் உருளைக்கிழங்குக் குழம்பு, கடித்தால் நறநறத்தது.

உருண்டையின் பாதி நிறைந்தபோது ஸ்நேஹா கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்து சோபாவில் போட்டாள். உதவி செய்கிற மாதிரி இல்லை, தவறுதலாகக் கையோடு வந்துவிட்ட மாதிரி.

“பப்பா, பாருங்க. முழுசா இப்படி ஹோல் போடக் கூடாது. நாம பாக்கற சைடுல கறுப்பா பிளெயின் இடம் இருக்கும். அதுக்கு ஸீன்னு பேரு.”

“நெலாவுலயும் கடலா?”

“தண்ணி இல்லாத கடல். உங்க கதை மாதிரி.”

சவரிமுத்து அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். அதுவரை போட்ட பாதியை அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, இந்தப் பக்கத்தில் அவள் சொன்ன இடத்தில் எல்லாம் வழவழப்பாகப் பூசினார். கறுப்பு வண்ணம் குழைத்து அடித்தது ஸ்நேஹாதான். அடித்து முடித்துக் கையைக் கழுவிவிட்டு, இதெல்லாம் சரி, ஆனால் தண்ணீர் ஆள் உயரம் ஏறும் என்று கீழே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், எனக்கு அங்கே பிரண்ட்ஸ் இருக்கிறார்கள் என்றாள்.

கடல், தகரத்தில் செய்த ஆறடித் தொட்டி. அடியில் மறைவாக ஒரு டிரம், அதில் கூலர் மோட்டார். மேலே நிலா கப்பியில் நகர்ந்து வரும். அது நேர் மேலே வரும்போது மேடைக்கு அடியில் குந்தியிருக்கும் சவரிமுத்து குழாயைத் திறப்பார். தண்ணீர் ஒரு சாண் ஏறும். நிலா நகர்ந்தால் இறங்கும். இரண்டு பிளாஸ்டிக் வள்ளங்கள் மிதக்கும். தொட்டியை எல்லோரும் பார்த்தார்கள், மெச்சினார்கள். நிலாவை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. மழைக்குப் பயந்து, விநாயகர் சதுர்த்தியன்று விடிகாலையில்தான் போர்வை சுற்றி நாலு பேர் இறக்கிவந்தார்கள். என்ன அது என்று கேட்ட கேஷவ்ராவிடம் சவரிமுத்து பெருமையாகச் சொன்னார், “சந்தா.”

இவ்வளவு பெரிய மூட்டையிலா என்று கேஷவ்ராவ் ஒரு கணம் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

பத்து மணிக்கு ரங்கராஜனின் மனைவி சரசா மாமி, வெள்ளித்தட்டில் இருபத்தோரு கொழுக்கட்டையை அடுக்கி, வாழையிலையால் மூடி எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். பின்னால் ரங்கராஜன். கணபதியை வைத்தாயிற்று, பூஜை இன்னும் ஆரம்பிக்கவில்லை. மாமி தலை நிமிர்ந்தாள். கணபதியின் தலைக்கு மேலே நாலடி நிலா, போர்வை நீங்கி, பளபளவென்று இவளையே பார்த்துக்கொண்டு தொங்கியது. மாமி தட்டோடு கண்ணை இறுக மூடிக்கொண்டு, வந்த வழியே பின்னாலேயே நடந்து போய்த் தூணில் இடித்துக்கொண்டாள்.

“சவரிமுத்து, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேள்? இன்னிக்குச் சந்திரனைப் பாக்கப்படாது. நாலாம் பிறையைப் பாத்தா நாய் படாத பாடுன்னு கேட்டதில்லையா நீங்க?”

கேட்டதில்லை. வேம்பாரில் அவர் பிறந்த தெருவில் மாதாவின் காலடியில்தான் பிறை இருக்கும், அதை எந்த நாளும் பார்க்கலாம். விஷயத்தை கேஷவ்ராவ்தான், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, விளக்கினார். ஒரு சதுர்த்தியன்று வயிறு முட்ட மோதகம் சாப்பிட்டுவிட்டு எலி மேல் ஏறிப் போன கணபதி வழுக்கி விழுந்தார். ஆகாயத்திலிருந்து பார்த்த சந்திரன் சிரித்துவிட்டான். இந்த நாளில் உன் முகத்தைப் பார்க்கிறவன் செய்யாத திருட்டுக்குப் பழி ஏற்பான் என்று சாபம். கிருஷ்ண பரமாத்மாவையே விடவில்லை அந்தச் சாபம், ஒரு ரத்தின மணியைத் திருடினதாகப் பழி வந்தது.

“ஆனா நீ சந்தான்னுதானே சொன்னே, அண்ணா?”

“சந்தாதான் தொங்குதே.”

கேஷவ்ராவ்தான் முதலில் புரிந்துகொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து சவரிமுத்துவுக்கும் புரிந்தது.

அதற்குள் வாசலில் மாமியின் குரல் கேட்டது. தட்டை மறுபடி எண்ணியிருக்கிறாள், இருபதுதான் இருந்தது. நைவேத்தியம் ஆகாத கொழுக்கட்டை. பக்கத்தில் நின்றவர் ரங்கராஜன் ஒருவர்தான். அவர் பூணூலைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். “சந்திரனைப் பாத்தேளா?” என்றாள் மாமி. பார்த்தேன் என்றார். அவ்வளவுதான். சாபம் ஐந்து நிமிஷத்தில் பலித்துவிட்டது என்று நாலு மாடிக்கும் சேதி போயிற்று. நாற்பத்தெட்டு வீட்டு ஜனமும் பட்டும் சரிகையுமாக இறங்கி வந்து, பந்தலுக்கு வெளியே மழையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. கொழுக்கட்டை எங்கே போயிற்று என்பது ஆரோக்கியமேரிக்கு மட்டும் தெரியும். புருஷனின் மீசையில் தேங்காய்ப் பூரணம் ஒட்டியிருந்ததை முந்தானையால் துடைத்துவிட்டு, கூட்டத்தோடு வந்து நின்றுகொண்டாள்.

நிலாவை இறக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் ஜனம் சேர்ந்து பார்ப்பது முதல் ஆரத்தியன்றைக்குத்தான். நிலா இல்லாமல் தொட்டியில் தண்ணீர் ஏறினால் அது கடலா, ஓட்டைத் தொட்டியா? போர்வையால் மூடி வைக்கலாமே என்றார் ஒருவர். போர்வையைப் பார்த்தா கடல் ஏறும் என்று ஒரு பொடியன் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்து திரும்பிப் பார்த்தார். ஸ்நேஹா கூட்டத்தின் ஓரத்தில் சிநேகிதிகளோடு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அது சிரிப்பதை விட மோசம்.

சவரிமுத்து தொண்டையைச் செருமினார். முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

“கேஷவ்ராவ், சந்திரன் எதால சிரிச்சான்?”

“எதாலன்னா? வாயால.”

“வாய் எங்க இருக்கு?”

“முகத்துல.”

“அப்ப சாபம் முகத்துக்குத்தான். முதுகு சிரிக்கலியே.”

கேஷவ்ராவ் சுவரைப் பார்த்தபடியே யோசித்தார். சந்திரனுக்கு முதுகு ஏது என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“உண்டு. பூமி அதைப் புடிச்ச புடியில அதால திரும்ப முடியாது. சுத்திச் சுத்தி வந்தாலும் ஒரே முகத்தத்தான் காட்டும். மறுபக்கத்த இங்கருந்து ஒரு மனுசனும் பாத்ததில்ல. கிருஷ்ணரும் பாத்ததில்ல. அந்தப் பக்கத்துக்கு நம்ம கணபதி விழுந்த சமாச்சாரமே தெரியாது.”

இந்த இடத்தில் கட்டிடம் முழுவதும், மழையில் நின்ற களைப்பிலும், சிரித்தது. கோழி முட்டை என்று ஒருவர் கூவினார். சவரிமுத்து அசையாமல், “என்ன நம்ப வேண்டாம். என் மகள்ட்ட கேளுங்க. அவகிட்ட புத்தகம் இருக்கு” என்றார்.

எல்லோரும் ஸ்நேஹாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அப்பாவைப் பார்த்தாள். முதுகு உண்டு என்பது புத்தகத்தில் இருந்தது. கணபதி விழுந்தது தெரியாது என்பது அப்பாவினுடையது. எது வரை சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சிநேகிதிகளின் பக்கத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்து, நல்ல மராத்தியில், “அது நிஜம்தான். பூமியிலிருந்து அந்தப் பக்கம் தெரியாது. இங்கிருந்து யாரும் பார்த்ததில்லை” என்றாள். சொல்லிவிட்டுக் காது சிவக்க நின்றாள்.

இனி சொல்ல வேண்டியது சாஸ்திரம். பூஜைக்கு வந்த பத்ரிநாத் குருஜி சின்ன வயசு. அன்றைக்கு இன்னும் பதினாறு வீடு பாக்கி, ஸ்கூட்டரை அணைக்காமலேயே நிறுத்தியிருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். “சந்திர தரிசனம் கூடாது என்றுதான் இருக்கிறது. தரிசனம் என்றால் முகம். முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. திருப்புங்கள்.”

திருப்பினார்கள். சுவர்ப் பக்கம் கிடந்த பாதி வெளியே வந்தது. வழவழப்பு ஒரு விரற்கடைகூட இல்லாமல் குழி மேல் குழி, குழிக்குள் குழி, எல்லாம் உருளைக்கிழங்கும் வெங்காயமும். ஸ்நேஹா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ராக்கெட்டை அனுப்பி எடுத்த படத்தில் அந்தப் பக்கம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது என்று அம்மாவின் காதில் சொன்னாள். ஆரோக்கியமேரி, எறிந்தது நான்தானே என்றாள்.

ஜனம் இந்தப் பக்கம் திரும்பி உள்ளே வந்தது. ஆரத்தி ஆயிற்று. கப்பி கிறீச்சிட நிலா முதுகைக் காட்டிக்கொண்டே நகர்ந்து வந்தது. மேடைக்கு அடியில் சவரிமுத்து குழாயைத் திறந்தார். தண்ணீர் ஏறியது, வள்ளங்கள் ஆடின, பொடிசுகள் கைதட்டின. சரசா மாமி, முதுகைப் பார்ப்பதற்குப் பாதகமில்லை என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். ரங்கராஜனின் மேல் இருந்த பழி மட்டும் அப்படியே நின்றது, அவர் சந்திரனின் முகத்தைப் பார்த்தவராயிற்றே.

மேடைக்கு அடியிலிருந்து வெளியே வந்த சவரிமுத்துவின் தோளில் கேஷவ்ராவ் கை போட்டார்.

“அண்ணா, சந்திரனுக்கு முதுகு உண்டு, அது சிரிக்கலேங்கறதுல எனக்கு முழு நம்பிக்கை. ஆனா இந்தக் கடல், அது மோட்டார்தானே?”

சவரிமுத்து மகளைப் பார்த்தார். அவளும் அதையேதான் கேட்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

அக்டோபர் இரண்டாம் தேதி காந்தி ஜெயந்தி விடுமுறை, அன்றைக்குப் பௌர்ணமியும்கூட. கேஷவ்ராவ், சரசா மாமி, பழியோடு ரங்கராஜன், சவரிமுத்து வீட்டில் மூன்று பேர் எல்லோரும் மோட்டார் இல்லாத கடலைப் பார்க்க விடிகாலை அரசு பஸ் பிடித்து அரபிக் கடல் ஓரத்து அலிபாக் போனார்கள். செலவு அவரவருடையது, வாய்தான் சவரிமுத்துவுடையது. புனேக்கு வந்த பிறகு அவர் கடல் பார்த்தது வேம்பாருக்குப் போன இரண்டு தடவைதான். மேற்குக் கடற்கரையை அவரும் பார்த்ததில்லை. அதை அவர் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குப் போய் இறங்கியபோது கடல் கரைச் சுவரின் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு நடுவே தூரத்தில் ஒரு பழைய கோட்டை. சுவரின் மேல் உட்கார்ந்து மாமியின் புளியோதரையைச் சாப்பிட்டார்கள். ஆரோக்கியமேரி கடைக்குப் போய்ப் பொரித்த பொம்பில் மீனை இலையில் வாங்கிவந்து, மாமிக்குக் காற்று வராத பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். கேஷவ்ராவ் அரைமணிக்கு ஒரு தடவை, “கடல் இங்கேயேதான் இருக்கு, அண்ணா” என்று தகவல் சொன்னார். இரண்டு மணிக்கு எல்லோரும் வேப்பமர நிழலில் படுத்தார்கள். சவரிமுத்து படுக்கவில்லை. கடல் கல்லை விட்டு இரண்டு முழம் இறங்கியதைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த வற்றம் அவ்வளவுதான். நிம்மதியாகக் கண்ணை மூடினார்.

பொழுது சாயும் நேரத்தில் கேஷவ்ராவ் போட்ட சத்தத்தில்தான் விழித்தார்கள்.

கடல் இல்லை. காலையில் அலை புரண்ட இடமெல்லாம் ஈரமணல், கண்ணுக்கெட்டிய மட்டும். மீன்பிடிப் படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன. கோட்டைக்குக் குதிரைவண்டி போய்க்கொண்டிருந்தது, சக்கரம் பாதி நனைய. நண்டுகள் வெளியே வந்து வேலையைப் பார்த்தன. கேஷவ்ராவ் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடலைத் தேடி மணலில் இறங்கி நடந்தார். ரங்கராஜனும் பின்னால் போனார். மாமி மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தண்ணியை யார் எடுத்துண்டு போனா என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பழக்கத்தில் புருஷனைப் பார்த்தாள்.

சவரிமுத்து சுவரின் மேலேயே நின்றார். வாய் பிளந்திருந்தது. ஒரு படகின் அடிமரத்தையும் கரைச் சுவரில் பாசி படிந்த தடத்தையும் கண்ணால் அளந்து பார்த்தார். இரண்டு ஆள் உயரம். இரண்டு ஆளுக்கு மேலேயே இருக்கும். பதினோரு வருஷம் ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிறார்.

ஸ்நேஹா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் படகைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

“பப்பா, நீங்க கம்மியா சொல்லிட்டீங்க.”

புளுகியே பெயர் எடுத்த மனுஷனுக்கு இதை விடத் தலைகுனிவு வேறு இல்லை. சவரிமுத்து வாயை மூடினார். மீசையைத் தடவினார். முகத்தை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். பின்னால் தென்னந்தோப்புக்கு மேலே பௌர்ணமி சிவப்பாக எழும்பிக்கொண்டிருந்தது. அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, கடல் போன திசையைக் காட்டினார்.

“இன்னைக்கு விடுமுறைல்லா பிள்ள, அதான் பாதி இழுப்புதான் இழுக்குது” என்றார்.

ஸ்நேஹா செருப்பைக் கழற்றினாள். சுவரிலிருந்து மணலில் குதித்து, அவருக்குக் கை நீட்டினாள்.

“இருக்கும் பப்பா. வாங்க, பாப்போம்.”